கொள்ளையில போவான் என்றால் என்ன பொருள்?

புதிதாக மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு வந்திருக்கும் உங்களில் இருவர் சென்ற வாரம் வீட்டுக்கு வந்து ஒரு கேள்வி கேட்டீர்கள். சாட்சி கெட்ட வார்த்தை பேசினால் அதை அப்படியே மலையாளத்தில் சொல்ல வேண்டுமா, கொஞ்சம் பூசி மெழுகிச் சொல்ல வேண்டுமா? அன்று காப்பி ஆறிப்போனதே தவிர நான் பதில் சொல்லி முடிக்கவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

கெட்ட வார்த்தையைப் பற்றிக் கவலையே வேண்டாம். அதற்கு எல்லா மொழியிலும் ஜோடி உண்டு, கேட்ட மாத்திரத்தில் எல்லோருக்கும் புரிந்துவிடும். நம் வேலையைப் பறிப்பது அரைகுறைக் கெட்ட வார்த்தைதான். சனியனே, மூதேவி, கருமாந்திரம், எழவு என்று சாமி கும்பிட்டுவிட்டு வருகிற வாயிலும் தாராளமாக வருமே, அந்த வகை. சனியன் ஒரு கிரகம். மூதேவி என்பவள் மூத்த தேவி, சீதேவிக்கு அக்காள். கருமாந்திரம் செத்தவருக்குச் செய்யும் சடங்கு, எழவு சாவேதான். பால் பொங்கி அடுப்பில் வழிந்தால் ஒரு பெண் "எழவே" என்கிறாள். செத்தது யார்? யாரும் இல்லை. சாவும் கிரகமும் சடங்கும் தேய்ந்து தேய்ந்து, எரிச்சல் என்ற ஒரே பொருளில் வந்து நிற்கின்றன. ஆனால் தாளில் எழுதும்போது அந்தப் பழைய பொருள் திடீரென்று உயிர் பெற்று எழுந்து உட்கார்ந்துவிடும். அப்படி எழுந்து உட்கார்ந்த ஒன்றால் ஒரு பெண்ணின் வேலையும் வீடும் என் கையால் போகப் பார்த்தன.

முதலில் என் நோட்டைப் பற்றி. பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். நெல்லும் கடலையும் போட்ட குடும்பம். வீட்டில் கோயமுத்தூர்த் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். பதினைந்து வயதிலிருந்து வசவுகளைக் குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு. நாள், நேரம், இடம், சொன்னவர், சொல், எதைப் பார்த்துச் சொன்னார், பொருள் என்று ஏழு கட்டம். முதல் பதிவு என் அம்மாவுடையது.

"நாசமத்துப் போறவனே, வேகாத வெயில்ல எங்கடா சுத்தற?"

நாசமாப் போறவனே என்றுதான் மற்றவர்கள் திட்டுவார்கள். அம்மா 'நாசமத்து' என்பார். ஏன் என்று கேட்டேன்.

"பெத்த வாயால நாசமாப் போன்னு சொன்னா பலிச்சுப் போகுமாடா. நடுவுல ஒரு 'அத்து'வச் சொருகிட்டா நாசம் அத்துப் போயிரும். வார்த்த கடிக்கும், வெசமேறாது."

நாசம் அற்றுப் போக! வசவு மாதிரி ஒலிக்கிற வாழ்த்து. அந்தப் பகல் முழுவதும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. ஒரு சின்ன அசையை நடுவில் வைத்து, யாருக்கும் தெரியாமல் சாபத்தைத் திருப்பிப் போட்டவர் யார், எந்த வீட்டில், எந்த வருடம் என்று தெரிந்துகொள்ள முடிந்தால் இன்றைக்கும் என் பென்ஷன் முழுவதையும் கொடுப்பேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வருடம் எழுபத்து நான்கு, ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை. அரசாங்க வேலை கிடைப்பதற்கு முன்பு ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். அவர் ஒற்றப்பாலம் பக்கத்துக்காரர். தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளி மேல் நிர்வாகம் குற்றம் சொன்னால், வெளியிலிருந்து ஒருவர் வந்து விசாரித்து அறிக்கை தர வேண்டும். அதற்கு 'என்கொயரி' என்று பெயர். இடுக்கி மலையில் பல தோட்டங்களுக்கு என் வக்கீல் போவார். அவருக்குத் தமிழ் அவ்வளவாக வராது, தொழிலாளிகளுக்கு அவருடைய மலையாளம் பிடிபடாது. நடுவில் நான். சேர்ந்து ஐந்தாவது வாரம்.

அன்றைய தோட்டம் மூணாறிலிருந்து மறையூருக்குப் போகும் பாதையில் விலகி உள்ளே இருந்தது. ஃபாக்டரியின் மாடி அறை, பக்கத்தில் வாடுவதற்குப் பரப்பிய தேயிலைக் கொழுந்தின் வாசனை, தகரக் கூரையில் மழை. மேஜைக்கு அந்தப்புறம் வக்கீல். இந்தப்புறம் டைப்ரைட்டரோடு தொடுபுழைக்காரப் பெண் ஒருவர், என் வயதுதான், தோட்ட ஆபீசில் வேலை. ஜன்னலோரம் புகார் கொடுத்த ஃபீல்டு ஆபீசர். கோட்டயத்து மனிதர், ஐம்பதை நெருங்குகிறவர், சட்டைப் பொத்தான் அத்தனையும் போட்டிருந்தார். எதிரே முக்காலியில் பேச்சியம்மா. கொழுந்து பறிக்கிறவர், நாற்பது வயதிருக்கும். பெற்றவர்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறியவர்கள். அவர் பக்கம் பேச வேண்டிய சங்கத்துக்காரர் வரவில்லை, வழியில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. "நான் பேசினதுக்கு நானே பேசுதேன், அவுக எதுக்கு?" என்று சொல்லிவிட்டார் பேச்சியம்மா.

குற்றச்சாட்டு சின்னது. கூடையில் முற்றின இலை இருந்ததென்று ஆபீசர் அதைச் சேற்றில் கொட்டினார், பேச்சியம்மா நாற்பது பேர் முன்னால் அவரை அசிங்கமாகத் திட்டினார். நிரூபணமானால் நான்கு நாள் வேலை கிடையாது, அவ்வளவுதான்.

ஆரம்பிக்கும்போதே வக்கீலின் பேனா கசிந்து விரலெல்லாம் மை. "குரிப்பு!" என்று பேனாவை மேஜையில் போட்டார். எனக்குப் புது வார்த்தை! மேஜைக்குக் கீழே நோட்டைத் திறந்து குறித்துக்கொண்டேன். வேலை நேரத்தில் அப்படிச் செய்யாதீர்கள். நான் செய்தேன், அதுதான் பிற்பாடு எங்களைக் காப்பாற்றியது. இருந்தாலும் நீங்கள் செய்யாதீர்கள்.

வக்கீலும் நானும் மலையாளத்தில்தான் பேசிக்கொண்டோம். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

"என்ன வார்த்தை சொன்னாள் என்று கேள்."

கேட்டேன். பேச்சியம்மா கூசவே இல்லை.

"கொள்ளையில போவான், கூடையக் கொட்டிட்டானேன்னு சொன்னேன்."

இங்கேதான் நான் விழுந்தேன். எங்கள் பக்கத்தில் கொள்ளை என்றால் கொள்ளையடிப்பது. மலையாளத்திலும் 'கொள்ள' என்றால் அதேதான். இரண்டு மொழியிலும் ஒரே வார்த்தை கிடைத்தால் நமக்கு வரும் சந்தோஷம் இருக்கிறதே, அதைவிட ஆபத்தானது நம் தொழிலில் வேறில்லை! ஒரு வினாடிகூட யோசிக்காமல் சொன்னேன்: "இவர் கொள்ளையடித்துத் திரிகிறவர், என் கூடையைக் கொட்டினார் என்று சொன்னாளாம் சார்."

டைப்ரைட்டர் தட்டியது. ஃபீல்டு ஆபீசர் எழுந்தே விட்டார். "ஞான் கொள்ளக்காரனோ?" குரல் உடைந்திருந்தது. இருபது வருடம் அந்தத் தோட்டத்தில் ஒரு பிடி இலைக்குக்கூடத் தவறு செய்யாதவர் என்று பிறகு தெரிந்தது.

வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படிச் சொன்னது உண்மைதானா என்று திரும்பக் கேள்."

"ஏனுங்க அக்கா, நீங்க அப்படித்தான் சொன்னீங்களா?"

"சொன்னேன். இதுல என்ன இருக்கு? எல்லாரும் சொல்லுததுதான."

எல்லோரும் இவரை அப்படித்தான் சொல்கிறார்கள் என்று மொழிபெயர்த்தேன். தட்டு, தட்டு, தட்டு.

"ஐயாவ மட்டுமா? தொரையக் கூடச் சொல்லுவோம், அவுக காதுல விழாம. எம் புருசனையும் சொல்லுவேன். எங்க ஆட்டையும் சொல்லுவேன்."

மேனேஜரையும் அப்படிச் சொல்வார்களாம் சார், என்றேன். தட்டு, தட்டு.

நண்பர்களே, இந்த இடத்தில் நிறுத்திப் படியுங்கள். புருஷனையும் ஆட்டையும் நான் விட்டுவிட்டேன். கொள்ளையடிக்கிற ஆடு எங்கே இருக்கிறது? பொருந்தவில்லை, ஆகவே வெட்டினேன். ஏதோ பேச்சுவாக்கில் வந்தது, வக்கீலின் நேரம் வீணாக வேண்டாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முதல் தவறு அறியாமை, அதை மன்னிக்கலாம். இரண்டாவதுதான் தவறு. பொருந்தாமல் துருத்திக்கொண்டு நிற்கிற துண்டுதான், நீ தப்பான பாதையில் போகிறாய் என்று நம் சட்டையைப் பிடித்து இழுக்கும். அதை வெட்டுகிறவன் கடைசிக் கதவையும் சாத்துகிறான்.

வக்கீல் ஃபீல்டு ஆபீசரிடம் தாழ்ந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது. அதிகாரியையும் மேனேஜரையும் கொள்ளைக்காரர்கள் என்று கூட்டத்தின் முன்னால் பழி சுமத்தியிருக்கிறாள், அதையே விசாரணையிலும் ஒப்புக்கொள்கிறாள். இது நான்கு நாளோடு போகாது, வேலை நீக்கம்தான். தோட்டத்தில் வேலை போனால் லயத்து வீடும் போகும். லயம் என்பது தோட்டம் கொடுக்கும் வரிசை வீடு. பேச்சியம்மாவின் புருஷனுக்கு இடுப்பு ஒடிந்து படுக்கை, இரண்டு பெண் பிள்ளைகள். அந்த ஒற்றை அறைதான் அவர்களுக்கு இருந்தது. பேச்சியம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டு, சேலை முந்தியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

வக்கீலும் ஆபீசரும் சாயா குடிக்கக் கீழே இறங்கினார்கள். தட்டச்சான வாக்குமூலத்தை நான் தமிழில் படித்துக் காட்ட வேண்டும், கேட்டுவிட்டு அவர் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் முறை. படித்தேன். 'கொள்ளையடித்துத் திரிகிறவர்' என்ற இடம் வந்தது.

பேச்சியம்மா முக்காலியோடு திரும்பினார்.

"எம்மா! யாரு கொள்ளையடிச்சா? அந்த மனுசன் மேல களவு சொல்லுவேனா நான்? என் நாக்கு அழுகிரும்!"

"நீங்கதானுங்களே கொள்ளைன்னு சொன்னீங்க?"

"ஆமா, கொள்ளையிலன்னு சொன்னேன். கொள்ளை தெரியாதா உனக்கு? ஊருக்குள்ள வந்துச்சுன்னா வீடு வீடா வாரிக்கிட்டுப் போவுமே, கக்கலும் கழிச்சலுமா. எங்க அம்மா கூடப் பொறந்தவுக நாலு பேரு ஒரே வாரத்துல கொள்ளையிலதான் போனாக. மிச்சம் இருந்தவுக மலையேறி வந்தாக. நீ எந்த ஊருப்பா?"

கொள்ளை நோய்! வாந்திபேதி! ஒரு பக்கம், அந்தக் களவுப் பழியைத் தாளில் ஏற்றியவன் நான்தான். இன்னொரு பக்கம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நோட்டு வைத்திருப்பவனின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. அந்தக் குடும்பத்தை மலையேற்றிய நோயே அவர்கள் வாயில் வசவாக மாறி, இத்தனை வருடம் ஆட்டையும் புருஷனையும் திட்டிக்கொண்டிருக்கிறது!

"ஆமா, எம் புருசனையும் ஆட்டையும் சொன்னேனே, அத எங்க காணோம்?" என்றார் பேச்சியம்மா, தாளை எட்டிப் பார்த்து.

டைப் அடிக்கும் பெண்ணுக்குத் தமிழ் புரியும். அந்தப் பக்கத்தை மெஷினுக்கு அருகில் வைத்தார், புதுத் தாளில் கார்பன் வைத்து உருளையில் சுற்றினார், கைகளை மடியில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். அர்த்தம் தெளிவாக இருந்தது. பத்து நிமிஷம் இருக்கிறது, அந்த மூன்று வரியை மாற்றி அடித்துவிடலாம்.

மனம் அதில்தான் போய் ஒட்டிக்கொண்டது. யோக்கியன் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. யோக்கியத்தைவிடப் பயம்தான் என்னைத் தடுத்தது. வக்கீல் காதால் கேட்டாயிற்று. தாள் மாறியிருப்பதை அவர் கண்டுபிடித்தால், அப்புறம் அந்தப் பெண்மணி சொல்லும் ஒரு சொல்லையும் உலகம் நம்பாது. என் தவறு அவருடைய பொய்யாகிவிடும்.

"வேண்டாங்க. அந்தத் தாளை அப்படியே வையுங்க" என்றேன்.

படியில் செருப்புச் சத்தம். வக்கீல் உட்காருமுன்பே எழுந்து நின்றேன்.

"சார், காலையில் நான் மொழிபெயர்த்தது தப்பு. கொள்ளை என்றால் அவர்கள் பேச்சில் கொள்ளை நோய். எனக்குத் தெரியாது. இன்னும் இரண்டு வாக்கியத்தை விட்டும்விட்டேன்."

அவர் முகம் சிவந்தது. "காலையில் ஒரு பொருள், சாயாவுக்குப் பிறகு வேறு பொருளா? நடுவில் யார் வந்து சொல்லிக் கொடுத்தார்கள்?"

"ஒருத்தரும் வரலீங்க சார்."

"சரி. நோய் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் இவர் காலரா வந்து சாக வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். கொள்ளைக்காரன் என்றால் மானம்தான் போகும். இது உயிரையே கேட்கிறதே! இதுதான் பரவாயில்லையா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. குழியிலிருந்து ஏறிக் கிணற்றில் விழுந்த மாதிரி நின்றேன். பேச்சியம்மா என் முகத்தைப் பார்த்து ஏதோ சரியில்லை என்று புரிந்துகொண்டார்.

"என்ன சொல்லுதாரு? நான் சாகச் சொன்னேன்னா? எப்பா, அவரு மொதல்ல என்னைய 'பிளடி'ன்னாரு. அதுக்கு நான் ஏதாச்சும் கேட்டனா?"

பிளடி! கயிறு கிடைத்துவிட்டது.

"சார், ஃபீல்டு ஆபீசர் முதலில் இவரை 'பிளடி' என்றாராம்."

ஆபீசர் கையை விரித்தார். "அது ஒன்றுமில்லை சார். பழைய துரைமார் காலத்திலிருந்து இங்கே எல்லோரும் சொல்வது. பழக்கம்."

"எழுதிக்கொள்ளட்டுமா சார்?" என்றேன். "ரத்தம் தோய்ந்தவளே என்று அழைத்தார் என்று?"

ஆபீசர் திகைத்தார். "ரத்தமா? நான் ரத்தம் என்று எப்போது சொன்னேன்?"

"சொல்லுக்குச் சொல் அதுதானுங்களே. நீங்க அப்படி நெனச்சுச் சொல்லலை, எனக்குத் தெரியும். ஆனா இவங்க வார்த்தைய அகராதிப்படி எழுதினா, உங்க வார்த்தையவும் அகராதிப்படி எழுதணுமில்லீங்களா?"

எங்கிருந்து அந்த வேகம் வந்ததோ, அதோடு நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. நோட்டை எடுத்து மேஜை மேல் வைத்துப் பிரித்தேன்.

"உங்களுதும் ஒண்ணு இருக்குதுங்க சார். இன்னிக்கு, பத்து நாற்பது. இடம் ஃபாக்டரி மாடி. சொன்னவர் வக்கீல் சார். சொல் குரிப்பு. எதைப் பார்த்துச் சொன்னார், பேனா."

டைப் அடிக்கும் பெண் மெஷினுக்குப் பின்னால் குனிந்துகொண்டார், தோள்கள் மட்டும் குலுங்கின.

"என்னையும் எழுதி வைக்கிறாயா நீ?"

"எல்லாரையும் எழுதறேனுங்க சார். எங்கம்மாவும் இருக்காங்க."

நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். அன்றோடு என் வேலை தீர்ந்தது என்று நினைத்தேன். அவர் விரல், மையோடு, வரி வரியாக இறங்கி நின்றது.

"பொருள் என்கிற கட்டம் காலியாக இருக்கிறதே?"

"உங்களைக் கேட்டு எழுதலாம்னு விட்டு வெச்சேனுங்க."

பிறகு, யாரிடமும் சொல்லாததுபோலச் சொன்னார். "பெரியம்மை. உடம்பில் கிளம்பும் கொப்புளம். அதற்குத்தான் குரிப்பு என்று பெயர். எங்கள் பக்கம் பிள்ளைகளைத் திட்டும் வார்த்தை. நாங்கள் ஐந்து பிள்ளைகள், எங்கள் அம்மா ஐந்து பேரையும் குரிப்பே என்றுதான் சாப்பிடக் கூப்பிடுவாள்."

"உங்களுக்கு அம்மை வரணும்னுங்களா சார் அப்படிக் கூப்பிட்டாங்க?"

நோட்டை என் பக்கம் தள்ளினார். ரத்தம், அம்மை, கொள்ளை நோய், மூன்றும் அந்த ஒரே மேஜையில் கிடந்தன. அந்தச் சமயத்தில்தான் ஊர் ஊராக வந்து அம்மை குத்திக்கொண்டிருந்தார்கள். நோய் ஊரை விட்டுப் போகப் போகிறது, அதன் பெயர் மட்டும் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிட இருக்கப் போகிறது!

வக்கீல் டைப் அடிக்கும் பெண்ணிடம் திரும்பினார். "தாளை மாற்ற வேண்டாம். பழைய வரியை, படிக்கத் தெரிகிற மாதிரி, ஒரே கோடு போட்டு அடித்துவிடுங்கள். கீழே எழுதுங்கள்: மொழிபெயர்ப்பில் தவறு. சொன்ன சொல் கொள்ளை நோயைக் குறிப்பது. அந்த வட்டாரத்தில் எரிச்சலில் வருவது. சாகச் சொல்வது அல்ல, களவு சொல்வதும் அல்ல."

"புருசனையும் ஆட்டையும் சேத்துக்கிடச் சொல்லுப்பா" என்றார் பேச்சியம்மா.

சேர்த்தார்கள். எல்லோரும் கோட்டின் ஓரத்தில் கையெழுத்துப் போட்டோம். பேச்சியம்மா கையெழுத்துப் போடும்போது, ஃபீல்டு ஆபீசர் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் தமிழில் கேட்டார்.

"அப்போ நீ என்னெக் கள்ளன் என்னு சொல்லியில்ல?"

"ஐயா மேல அப்படிச் சொல்லுவமா? கோவக்காரருதான். கள்ளன் இல்ல."

"அது மதி. கொள்ளையில் போகான் கொழப்பமில்ல" என்றார் ஆபீசர். அது போதும், கொள்ளையில் போவதில் கவலையில்லை என்று அர்த்தம். காலராவில் போகச் சம்மதித்த மனிதரை அன்றுதான் பார்த்தேன்! களவுப் பழி நீங்கியதில் அவ்வளவு நிம்மதி அவருக்கு. அந்த நிம்மதி இல்லாமல் போயிருந்தால் அதற்கும் நான்தானே காரணம்? நான் தப்பாகச் சொன்ன ஒரு வார்த்தை மேஜையின் இரண்டு பக்கத்தையும் குத்தியிருந்தது.

பாலக்காடு வந்து சேர்ந்ததும் நூலகத்துக்கு ஓடி, பெரிய தமிழ் அகராதியை மேஜையில் போட்டுப் புரட்டினேன். கொள்ளை. அந்தப் பொருள் மற்றப் பொருள்களோடு சாதாரணமாக உட்கார்ந்திருந்தது. ஐந்து வாரத்துக்கு முன்பே நான் புரட்டியிருக்கலாம். ஆனால் தெரிந்த வார்த்தையை யார் அகராதியில் தேடுகிறார்கள்? தெரியாத வார்த்தையில் நாம் தப்பு செய்வதில்லை, கேட்டுக்கொள்கிறோம். தெரிந்த வார்த்தைதான் கவிழ்க்கிறது.

அறிக்கையில் வக்கீல் என்ன எழுதினார் என்று எனக்குச் சொல்லவில்லை. கேட்கவும் கூடாது. நிர்வாகம் என்ன முடிவெடுத்தது என்பதும் தெரியாது. இரண்டு மூன்று மாதம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வேலையாக எங்கே போனாலும் நோட்டைத் திறந்தேன். மறையூரில் வெல்லம் காய்ச்சுமிடத்தில் பாகு கையில் தெறித்த ஒருவர் பாகைப் பார்த்து, "கட்டையில போக!" என்றார். கட்டை என்பது சுடுகாட்டுக் கட்டை. கம்பம்மெட்டில் ஏலக்காய் மூட்டை தூக்குகிறவர் மூட்டையை, "பண்டாரமடங்கான்!" என்றார். வாரிசில்லாத சொத்து ராஜாவின் பண்டாரத்தில் போய் அடங்குவது என்று அதற்கு விளக்கம் சொன்னார்கள். வேறு மாதிரி சொல்கிறவர்களும் உண்டு, இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். வம்சமே அற்றுப்போகிற சாபத்தைப் பாவம் ஒரு ஏலக்காய் மூட்டை வாங்கிக்கொள்கிறது! ஒவ்வொரு முறையும் கேட்டேன், எதைப் பார்த்துச் சொன்னீர்கள், வேறு எதற்கெல்லாம் சொல்வீர்கள், பெற்ற பிள்ளையைச் சொல்வீர்களா என்று. கடைசிக் கேள்விதான் முக்கியம். பெற்ற பிள்ளையைச் சொல்லக்கூடிய வார்த்தையில் விஷம் இல்லை.

ஐப்பசியில் வேறொரு விசாரணைக்காக அதே தோட்டத்துக்குப் போனோம். மழை விட்டிருந்தது. ஜீப் வளைவில் முக்கிக்கொண்டு ஏறும்போது மேலே சரிவில் பெண்கள் வரிசையாக நின்று கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஓர் உருவம் நிமிர்ந்து கையை உயர்த்தியது. பேச்சியம்மா! முதுகில் கூடை! கூடை இருக்கிறதென்றால் வேலை இருக்கிறது, வேலை இருக்கிறதென்றால் லயத்தில் அந்த அறை இருக்கிறது. ஜீப்பிலேயே எழுந்து நின்று கூரையில் தலையை இடித்துக்கொண்டேன்.

அவர் ஏதோ கத்தினார். காற்று பாதியைத் தின்றுவிட்டது. "நாசம" என்றது கேட்டது, "போவ!" என்றது கேட்டது. நடுவில் இருந்தது கேட்கவில்லை. கூட நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

வக்கீல் என்னைப் பார்த்தார். "எந்தா அவள் பறஞ்ஞது?"

என்ன சொன்னாள் என்று கேட்கிறார். ஐந்து வாரக் குமாஸ்தாவாக இருந்திருந்தால் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருப்பேன்.

"சரியாகக் கேட்கவில்லை சார். கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன்."

அவர் டிரைவரை நிறுத்தச் சொன்னார். செடிகளின் நடுவே ஈர மண்ணில் வழுக்கி, அட்டை கணுக்காலில் ஏற, மூச்சு வாங்க மேலே போய் நின்றேன்.

"ஏனுங்க அக்கா, இப்பச் சொன்னீங்களே. நாசமான்னு சொன்னீங்களா, நாசமத்துன்னு சொன்னீங்களா?"

பேச்சியம்மா கைநிறைய இருந்த கொழுந்தைத் தோளுக்கு மேலே கூடைக்குள் எறிந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். நோட்டையும் பார்த்தார்.

"இம்புட்டு மலை ஏறி வந்தா கேக்க?" என்றார். "அத்துன்னுதான்டா சொன்னேன், கொள்ளையில போவான்!"